ஏரி நடுவில் ஜெட் ஸ்கி நின்றால்?

கோடை வந்தால் ரொறன்ரோப் பக்கம் எங்கட குடும்பங்கள் பல சிம்கோ ஏரிக்குத்தான் ஓடும். புது ஜெட் ஸ்கியின் விலையைப் பார்த்துவிட்டு, 90களில் வந்த பழசொன்றை வாங்கியவர்களும் எங்களுக்குள் இருக்கிறோம். என்னிடம் இருப்பது இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின், இரண்டு காபுரேட்டர். இந்த வருஷம் முதல் ஓட்டத்தில் நல்லா ஸ்டார்ட் ஆனது; முழு வேகம் கொடுத்தால் திணறியது.

"ஓடுதுதானே" என்று பிள்ளையைப் பின்னால் ஏத்திக்கொண்டு போகாதேங்கோ. பெற்றோல் குறைந்து காற்று கூடினால் எஞ்சினுக்குள் சூடு ஏறி, பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிவிடும். முழு வேகத்தில், கரைக்குத் தூரத்தில் நிற்கும்போதுதான் அது பெரும்பாலும் நடக்கும்.

சின்னச் சோதனை ஒன்று இருக்கு. கரைக்குக் கிட்ட, நீங்கள் மட்டும் ஓடும்போது, திணறும் நேரம் சோக்கைக் கொஞ்சம் இழுங்கோ. எஞ்சினுக்குத் தெம்பு வந்தால் பெற்றோல் போதவில்லை என்று அர்த்தம். உடனே நிப்பாட்டி, கரைக்குக் கொண்டு வாங்கோ.

காபுரேட்டர் ஸ்க்ரூவில் கை வைக்காமல், தாங்கியிலிருந்து பெற்றோல் வரும் வழியே தேடுங்கோ. முதல் வேலை, சீட்டைக் கழற்றிக் காத்தோட விடுறது. பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரம். அடியில் தேங்கி நிற்கும், ஒரு பொறி போதும்.

1. கொஞ்சப் பெற்றோலைக் கண்ணாடிப் போத்தலில் எடுத்துப் பாருங்கோ. எதனோல் கலந்தது ஈரத்தை இழுக்கும். அடியில் தனிப் படை தெரிந்தால் முழுதையும் மாத்துங்கோ.

2. வால்வை 'ஓன்' இல் விட்டால் நின்று, 'ரிசேவ்' இல் ஓடினால், கோளாறு வால்வில் அல்லது தாங்கிக்குள் உறிஞ்சும் குழாயில்.

3. ஃபில்டர் கிண்ணத்தின் ரப்பர் வளையம் காய்ந்திருந்தால் பெற்றோலோடு காற்றையும் உறிஞ்சும்.

4. ஹோஸின் நிறத்தைப் பாருங்கோ. அந்தக் காலச் சில மாடல்களில் சாம்பல் நிற ஹோஸ் இருந்தது. வருஷம் போக அது உள்ளுக்குள் கரைந்து, பச்சைப் பசையாகி, காபுரேட்டருக்குள் இருக்கும் சின்ன வலையை அடைக்கும். வெளியில் ஒன்றும் தெரியாது. என்னுடையதில் கிடந்ததும் அதுதான். கழுவிப் பிரயோசனமில்லை, அதே அளவில் கறுப்பு எரிபொருள் ஹோஸ் முழுதாகப் போட்டு, வால்வையும் வலையையும் துப்புரவாக்க வேணும்.

5. எஞ்சினிலிருந்து காபுரேட்டர் பம்புக்கு அழுத்தத் துடிப்பைக் கொண்டுபோகும் மெல்லிய ஹோஸ் வெடித்திருந்தாலும் பெற்றோல் வராது.

எங்களில் பலர் காபுரேட்டரைத் தொட்டதே இல்லை. அப்பாமார் அப்படியில்லை. 90களில் பொருளாதாரத் தடை இருந்தபோது யாழ்ப்பாணத்தில் சில துளி பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடினவர்கள். என்ர அப்பா கழற்றின வலையைப் பார்த்த உடனே, "இதுக்குள்ளால மூச்சே போகாதே" என்றார். மகள் டோர்ச் பிடித்தாள், நான் ஹோஸ் மாத்தினேன்.

அவளுக்குப் 14. கனடாவில் 16 வயதுக்குக் கீழே ஜெட் ஸ்கி ஓட்ட முடியாது. பெரியவர் கூட இருந்தாலும் சட்டம் அதுதான். ஓட்டுறதுக்கு இன்னும் இரண்டு வருஷம் இருக்கு. பெற்றோல் எந்த வழியால் வருது என்று அறிய வயசு தேவையில்லை.