வேலியோர மரல்

பாலைக்கலியில் பெருங்கடுங்கோ பாடிய ஒரு பாட்டை இளங்கலை வகுப்பில் நடத்திக்கொண்டிருந்தோம். மழை பொய்த்த காட்டில் மரையா மரலைக் கவர்ந்து தின்னும் இடம் வந்தது. "மரல்னா என்ன ஐயா?" என்றார் ஒரு மாணவர். "கற்றாழை போன்ற ஒரு வகைச் செடி" என்று விடையிறுத்து அடுத்த அடிக்குப் போய்விட்டோம். ஒரு வகைப் பறவை, ஒரு வகை மரம்: தமிழாசிரியர்கள் தப்பிக்கும் வழி இது.

மறுவாரம் அவர் தம் புஞ்சை வேலியோரத்திலிருந்து கிழங்கோடு பெயர்த்த ஒரு செடியை மேசைமேல் வைத்தார். "எங்க ஊர்ல மருள்னு சொல்லுவோம் ஐயா. இதுதானான்னு பாருங்க." வாள்போல் நிமிர்ந்த தடித்த இலைகள், குறுக்கே கரும்பச்சை வரிகள். முற்காலத்தில் வில்லுக்கு நாணாகத் திரித்த நார் இதனுடையது.

நமக்கு வெட்கமாயிற்று. பேரையூரில் நம் வீட்டு முன்னறையில் இதன் நெருங்கிய உறவு ஒன்று 'ஸ்நேக் பிளாண்ட்' என்ற பெயரில் வீற்றிருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்கச் செடி. மதுரை நர்சரி ஒன்றில் விலை கொடுத்து வாங்கியது. காற்றைத் தூய்மையாக்கும் என்றார்கள். அந்தப் பேச்சுக்கு மூலம் நாசாவின் 1989ஆம் ஆண்டு ஆய்வு. மூடிய சிறு கலத்துக்குள் நடந்த சோதனை அது. சாதாரண அறையில் அவ்வளவு பயன் கிட்ட ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் குறைந்தது பத்துச் செடியாவது வேண்டும் என்று ட்ரெக்சல் பல்கலைக்கழகத்தார் 2019இல் கணக்கிட்டுக் காட்டிவிட்டார்கள். சன்னலைத் திறந்துவிடுவது மலிவு.

அயல் செடி கூடாதென்பதன்று நம் வாதம். மணி பிளாண்ட் பசிபிக் தீவொன்றிலிருந்து வந்தது. நாம் தாளிக்கும் மிளகாயும் கடல் கடந்ததே. சிக்கல் வேறு. காசு கொடுத்து வாங்கியதன் பெயர் தெரிகிறது. வேலியில் நிற்பதன் பெயர் உரைநூலோடு நின்றுவிடுகிறது.

வளர்ப்பு முறை இரண்டுக்கும் ஒன்றே. அடியில் துளையுள்ள மண்தொட்டி, பாதிக்கு மணல், வெளிச்சம் விழும் சன்னலோரம். மண் முற்றும் காய்ந்த பிறகே தண்ணீர். மழைக்காலத்தில் மூன்று வாரத்துக்கொரு முறை போதும். அன்பு மிகுந்து நாள்தோறும் ஊற்றிக் கிழங்கை அழுகவிட்ட பாவம் நமக்கும் உண்டு. மஞ்சள் விளிம்புள்ள அயல்வகையின் இலையை வெட்டி நட்டால் வரும் கன்று வெறும் பச்சையாகவே இருக்கும். கிழங்கைப் பிரித்து நட்டால்தான் விளிம்பு நிலைக்கும். மருளுக்கு அந்தத் தொல்லையில்லை. வேலியில் புதரை அப்படியே விட்டு, ஒரு துண்டுக் கிழங்கு மட்டும் எடுத்தால் போதும்.

மாணவர் தந்தது இப்போது நான்கு கன்று ஈன்றிருக்கிறது. இவ்வாண்டு அப்பாட்டு வந்த நாளில் தொட்டியையும் வகுப்புக்குத் தூக்கிச் சென்றோம்.