கோயில் கொட்டகையில் பேய் செய்கிறோமா?

பதிவு கொஞ்சம் நீளம். ஒரு தே ஓ போட்டு வச்சுக்கிட்டு உட்கார்ந்து படிங்க.

போன வாரம் நம்ம கோயில் புலனக் குழுவில் ஒரு படம் சுத்துச்சு. மேசை மேல ஒரு கறுப்புப் பூனை, மூணு மரப் பூசணி, ஒரு மொட்டை மரம். கீழே ஒரு வரி: "கோயில்ல உட்கார்ந்து பேய் செய்றாங்க, கேட்க ஆளில்லையா?" அதுக்குக் கீழே நாற்பது ஐம்பது பதில். சில பேர் கோப முகம் போட்டிருந்தாங்க. சில பேர் வழக்கம்போல கும்பிடு போட்டு நகர்ந்துட்டாங்க. எங்களை ஒரு வார்த்தை நேரில் கேட்டவர் ரெண்டே பேர். அதில் ஒருத்தர் பூனை என்ன விலைன்னு கேட்டார்.

வர்ற ஞாயிறு கூட்டத்தில் கொட்டகையைப் பூட்டலாமா வேணாமான்னு பேசப் போறாங்களாம். அதனால எங்க பக்கத்தை இங்கே எழுதி வைக்கிறோம்.

நாங்கன்னா, சனிக்கிழமை ராத்திரி பூஜை முடிஞ்சதும் கார் நிறுத்துற இடத்துக்குப் பின்னாடி உள்ள தகரக் கொட்டகையில் மர வேலை பழக்குற தொண்டர்கள். நாங்க எல்லாரும் ஐம்பது தாண்டினவங்க, பேக்டரியில் சூப்பர்வைசர், டெக்னீஷியன்னு காலம் போனவங்க. படிப்பு எஸ்.பி.எம். வரைக்கும்தான். எங்ககிட்ட பழகுற பிள்ளைங்க ஒன்பது பேர். அதில் ரெண்டு பொண்ணுங்க. மூணு பசங்க படிவம் 3-க்கு மேல பள்ளிக்கூடம் போகல. ராத்திரி பத்து மணிக்கு மோட்டார் சைக்கிள் எடுத்துக்கிட்டு எங்க போவாங்கன்னு அவங்க அம்மாவுக்கே தெரியாது. இப்ப சனிக்கிழமை ராத்திரி மட்டுமாவது தெரியும்.

ஹாலோவீன் எப்படி வந்துச்சுன்னு கேட்டா, அது 2024-இல். ஞாபகம் இருக்கும், அந்த வருஷம் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாள், அக்டோபர் 31. காப்பிக் கடை நடத்துற ஒரு சீன அம்மா, கோயிலுக்கு நாங்க பலகை செஞ்சு கொடுத்ததைப் பார்த்துட்டு வந்தாங்க. அவங்க சொன்னது இதுதான்: "என் கடைக்கு வர்றது வேலைக்குப் போற பெரியவங்க. பிளாஸ்டிக் எலும்புக்கூடு, ரத்தம் ஒழுகுற கை, இதெல்லாம் தொங்கவிட்டா அவங்க எப்படிக் காப்பி குடிப்பாங்க? பார்க்க அழகா, அமைதியா, வருஷா வருஷம் எடுத்து வைக்கிற மாதிரி மரத்தில் செஞ்சு தர முடியுமா? பக்கத்துலயே தீபாவளி விளக்கும் வைக்கணும். ரெண்டும் சண்டை போடக் கூடாது."

ரெண்டும் சண்டை போடக் கூடாது. அந்த அம்மாவுக்கு இருந்த யோசனை எங்க புலனக் குழுவில் இல்லையேன்னு வருத்தம்தான்.

வேலையைப் பத்திக் கொஞ்சம் சொல்றோம், ஏன்னா பேசுறவங்க யாரும் வேலையைப் பார்க்கல. மரம் ரப்பர் மரம். நம்ம அப்பா அம்மா பால் வெட்டின அதே மரம். இருபத்தஞ்சு முப்பது வருஷம் பால் கொடுத்து முடிஞ்சதும் வெட்டிடுவாங்க. ஒரு காலத்தில் அது அடுப்புக்கும் புகைக்கூடத்துக்கும்தான் போச்சு. அப்புறம்தான் மருந்தேத்திக் காய வச்சா நாற்காலி மேசை செய்யலாம்னு ஆச்சு. இன்னைக்கு மூவார் பக்கம் பர்னிச்சர் பேக்டரிகளில் அதுதான் ஓடுது. மருந்து ஏத்தாத ரப்பர் மரத்தை நம்பவே கூடாது. முதல் தடவை சும்மா கிடைச்ச பலகைன்னு ஆசைப்பட்டு எடுத்து வந்தோம். மழைக்காலத்தில் ரெண்டு வாரம் கிடந்துச்சு. நீலக்கறை பிடிச்சு, வண்டு துளைச்சு, கீழே கோதுமை மாவு மாதிரி கொட்டிக் கிடந்துச்சு. அத்தனையும் குப்பை. பேலட் கட்டையும் எடுக்கிறோம், ஆனா முத்திரை பார்த்துத்தான். எச்.டி. போட்டிருந்தா சூடு வச்சுப் பூச்சி கொன்ன கட்டை. எம்.பி. போட்டிருந்தா விஷவாயு வச்சது, தொடாதீங்க. முத்திரையே இல்லாததையும் தொடாதீங்க.

பூசணிக்குக் கண்ணும் பல்லும் நாங்க வெட்டல. சின்னச் சின்னப் பலகைகளை ஒண்ணோடு ஒண்ணு ஒட்டி, ஓரத்தை உருட்டி, 80-இல் தொடங்கி 120, 240 வரைக்கும் உப்புத்தாள் போட்டு, ஆரஞ்சு சாயமெல்லாம் அடிக்காம மரத்தின் நிறத்திலேயே விட்டோம். காம்புக்கு ஒரு அண்ணன் வீட்டுக் கொய்யாக் கிளை. வீட்டுக் கூடத்தில் வருஷம் முழுக்க வச்சாலும் யாரும் ஏன்னு கேட்க மாட்டாங்க. பெரியவங்களுக்குச் செய்றதுன்னா எங்களுக்குப் புரிஞ்சது அதுதான். பயமுறுத்தல் போயிடணும், அந்த மாதத்து வாசனை மட்டும் நிக்கணும்.

பூனைதான் எங்களைப் படுத்திடுச்சு. வால் வளைஞ்சு மேலே தூக்கின பூனை. படத்தைப் பலகை மேல வச்சு நேரா வெட்டினா உடம்பு அருமையா வந்துச்சு, வால் பட்டுப் பட்டுன்னு ஒடிஞ்சுது. ஏழு பூனை வாலில்லாம போச்சு. நாங்க வாய் திறக்காம இருந்தோம், அவனுங்களே கண்டுபிடிக்கட்டும்னு. படிவம் 3-இல் நின்ன தம்பிதான் கடைசியில் கண்டுபிடிச்சான். மர நார் ஒரு பக்கம் ஓடுது, வால் அதுக்குக் குறுக்கே நிக்குது, அதான் ஒடியுதுன்னான். படத்தைச் சாய்ச்சு வச்சு, வால் நாரோடு ஓடுற மாதிரி வெட்டினான். எட்டாவது பூனை நின்னுச்சு. வாத்தியார் சொல்லிக் கேட்காத பையன் அன்னைக்கு மத்த எட்டுப் பேருக்கும் பாடம் நடத்தினான். அந்தக் காட்சியைப் படம் பிடிச்சுப் புலனத்தில் போட யாருக்கும் தோணல.

கறுப்புக்குக் கடைப் பெயிண்ட் இல்லை. பாத்திரம் தேய்க்கிற இரும்பு நாரை வினிகரில் போட்டு ரெண்டு மூணு நாள் ஊற வைக்கணும். மூடியை இறுக்கக் கூடாது, காத்து கிளம்பும், போத்தல் வெடிக்கும். ரப்பர் மரம் வெளிறின மரம், அந்தத் தண்ணிக்குத் தானா அவ்வளவு கறுக்காது. அதனால முதலில் சீனி போடாத கெட்டித் தேத்தண்ணியைப் பூசிக் காய விட்டு, மேலே வினிகர் தண்ணியைத் தடவணும். கண்ணெதிரே கறுக்கும். பிள்ளைங்க ஆன்னு வாயைப் பொளந்தாங்க. மந்திரம் இல்லப்பா, தேயிலையில் உள்ள துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தா இப்படித்தான்னு சொல்லிக் கொடுத்தோம். பேய் வேலைன்னு சொன்னா இதைத்தான் சொல்லணும்.

சரி, சமயத்துக்கு வர்றோம். ஹாலோவீன் நம்ம பண்டிகை இல்ல, நாங்க அப்படிச் சொல்லவும் இல்ல. அயர்லாந்து பக்கம் அறுவடை முடிஞ்சு குளிர் தொடங்குற நேரத்தில் கொண்டாடின பழைய நாள் அது. செத்தவங்க அன்னைக்கு வந்து போவாங்கன்னு ஒரு நம்பிக்கை. அப்புறம் கிறிஸ்துவ சமயத்தில் நவம்பர் 1 புனிதர்கள் திருநாள், அதுக்கு முந்தின ராத்திரிதான் இது. அங்கே டர்னிப் கிழங்கைக் குடைஞ்சு விளக்கு வச்சாங்க, அமெரிக்கா போனதும் பூசணி ஆச்சு. நம்ம கத்தோலிக்க நண்பர்கள் நவம்பர் 2-இல் கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவர்த்தி ஏத்துறதும் அந்த வரிசைதான். நாமளும் மகாளய அமாவாசைக்குப் படையல் போடுறோம். அதனால எல்லாம் ஒண்ணுன்னு சொல்ல வரல, அப்படிக் கலக்குறது எங்களுக்கும் பிடிக்காது. ஆனா செத்தவங்களை நினைக்கிற நாள்னா நமக்கு அது என்ன புதுசா? தோட்டத்து எல்லையில் அரிவாளோடு முனியாண்டி நின்ன ஊரில் வளர்ந்தவங்க, ஒரு மரப் பூனையைப் பார்த்துப் பயப்படுறோம்னா சிரிப்பா இருக்கு.

ஒரு பெரியவர் கேட்டது மட்டும் எங்களுக்கு உறைச்சுது. "சாமி வாகனத்துக்குத் தொடுற உளியும் பூனைக்குத் தொடுற உளியும் ஒண்ணாடா தம்பி?" நியாயமான கேள்வி. எங்களுக்கு அது முன்னாடியே தோணியிருக்கணும். இப்ப வாகனப் பலகைக்கு உள்ள உளி, சுத்தியல் எல்லாத்தையும் தனிப் பெட்டியில் வச்சுட்டோம். மண்டை ஓடு, எலும்பு, சவப்பெட்டி செய்றதில்லைன்னும் முடிவு பண்ணிட்டோம், யார் கேட்டாலும். பெரியவர் பாதத்தைத் தொட்டுச் சொல்றோம், நேரில் வந்து திட்டினதுக்கு நன்றி.

மத்தவங்களுக்கு ஒரு கேள்வி. ஆயுத பூஜை அன்னைக்குப் பேக்டரியில் மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைக்கிறோமே, அந்த மெஷின் என்ன செய்யுதுன்னு யாராவது கேட்டிருக்கோமா? எங்க லைனில் ஓடுறது பிளாஸ்டிக் அச்சு. வாளியும் ஓடும், பொம்மையும் ஓடும், எந்த ஊர்ப் பண்டிகைக்கோ போற அலங்காரமும் ஓடும். முப்பது வருஷமா அந்தச் சம்பளத்தில்தான் கோயிலுக்கு எண்ணெய் வாங்கிக் கொடுக்கிறோம். அப்ப வராத தீட்டு இப்ப எங்கிருந்து வந்துச்சு?

அந்தப் பிளாஸ்டிக்கைப் பத்தி நாங்கதான் பேசணும், ஏன்னா செய்றதே நாங்கதான். நவம்பர் முதல் வாரம் பேரங்காடிப் பின்பக்கம் போய்க் குப்பைத் தொட்டியைப் பாருங்க. சிலந்தி வலை, எலும்புக்கூடு எல்லாம் கிடக்கும். பக்கத்துலயே நம்ம தீபாவளிப் பிளாஸ்டிக் தோரணமும் ஒட்டுக் கோலமும் கிடக்கும். குப்பைத் தொட்டியில் ரெண்டு பண்டிகையும் ரொம்ப ஒத்துமையா இருக்கும். நாங்களும் போன வருஷம் கோயில் வாசலுக்குப் பிளாஸ்டிக் மாவிலை கட்டினவங்கதான், மறைக்கல.

பணத்தைப் பத்தி ஒரு வதந்தி வேற. கணக்கு இதோ. 2024-இல் காப்பிக் கடை அம்மா கொடுத்தது 680 வெள்ளி. பலகை, பசை, உப்புத்தாள், ஒடிஞ்ச ரம்பப் பிளேடு சேர்த்து 145 போச்சு. உண்டியலில் ஒரு காசும் போடல, அது எங்களுக்கே சரியாப் படல. மீதி 535-இல் கொட்டகைக்குத் தூசி உறிஞ்சுற மெஷின் ஒண்ணு பழசா வாங்கினோம், மிச்சத்துக்கு நல்ல காய்ந்த பலகை. உண்மையைச் சொன்னா விலையை ரொம்பக் குறைச்சுச் சொல்லிட்டோம். ஒன்பது பேர் ஆறு சனிக்கிழமை உழைச்சதுக்கு அது கூலியே இல்ல. பேக்டரியில் ஒரு பொருளுக்கு எத்தனை நிமிஷம்னு கணக்குப் பார்க்கிற நாங்க, கொட்டகையில் பார்க்கல. இந்த வருஷம் பார்த்தாச்சு. பூனை ஒண்ணு 85.

அந்தக் காய்ந்த பலகை என்ன ஆச்சு தெரியுமா? தைப்பூசத்துக்குப் பசங்க பால் காவடி செஞ்சாங்க. பழைய மாதிரி, தோளில் வைக்கிற மரத்தண்டும் மேலே வளைவும், ரெண்டு பக்கம் மயில் இறகு. பன்னிரண்டு காவடி. வளைவை ஒரே பலகையில் வெட்டினா ஒடியும்னு அந்தத் தம்பி முதல் நாளே சொல்லிட்டான். மெல்லிசாச் சீவி, அடுக்கி ஒட்டி வளைச்சாங்க. எங்கே கத்துக்கிட்டான்? பூனை வாலில். நிர்வாகத்தினர் அந்தக் காவடியோடு நின்னு படம் எடுத்துக்கிட்டாங்க. முகநூலில் போட்டு, நம் இளைஞர்களின் கைவண்ணம்னு எழுதினாங்க. மரம் எந்தக் காசில் வந்துச்சுன்னு அன்னைக்கு யாரும் கேட்கல.

2025-இல் தீபாவளி அக்டோபர் 20, ஹாலோவீனுக்குப் பதினொரு நாள் முன்னாடி. ஆர்டர் மூணு வந்திருக்கு. காப்பிக் கடை அம்மா பழையதையே எடுத்து வைக்கிறாங்களாம், ஒரு ஆந்தை மட்டும் புதுசா கேட்டாங்க. ஒரு கொண்டோ குடியிருப்பில் பிறை நிலா துளை போட்ட விளக்குப் பெட்டி எட்டு. உள்ளே பேட்டரி விளக்குத்தான், மெழுகுவர்த்தி வைக்க நாங்க விடுறதில்ல, மரம் பாருங்க. மூணாவது நம்ம ஆளுங்களே, ஒரு தமிழ்க் குடும்பம். அதே பிறைப் பெட்டியில் பிறைக்குப் பதிலா மயில் வெட்டித் தரச் சொன்னாங்க, தீபாவளிக்கு. பெட்டி ஒண்ணுதான், வார்ப்பு மட்டும் வேற.

நிர்வாகத்துக்கு எங்க வேண்டுகோள் பெருசா ஒண்ணும் இல்ல. கொட்டகை கோயில் இடம், முடிவு உங்களது. ஹாலோவீன் வேலை வேணாம்னு சொன்னீங்கன்னா ஒத்துக்கிறோம், ஆனா கொட்டகையைப் பூட்டாதீங்க. அந்த மூணு ஆர்டரை ஒரு அண்ணன் வீட்டுக் கார் போர்ச்சில் வச்சு முடிச்சுக்கிறோம். பூட்டினா நாங்க வேற வேலை பார்த்துட்டுப் போயிடுவோம், எங்களுக்கு வீட்டில் தொலைக்காட்சி இருக்கு. அந்த ஒன்பது பேருக்கு ராத்திரி பத்து மணிக்கு என்ன இருக்குன்னு மட்டும் யோசிச்சுட்டுப் பூட்டுங்க.

கூட்டம் ஞாயிறு காலை பத்து மணிக்கு, மண்டபத்தில். வர்றவங்க அரை மணி முன்னாடியே கொட்டகைப் பக்கம் வாங்க. பூனை மேசை மேலதான் இருக்கும். கையில் எடுத்துப் பாருங்க, தடவிப் பாருங்க. வாலைப் பிடிச்சு மட்டும் தூக்காதீங்க.