தரங்கம்பாடிப் பாடசாலை: யார் எங்கே அமர்ந்தனர்?

விழா மலர்களிலிருந்து வரலாறு கற்போர் அதன் ஒரு பாதியையே கற்கின்றனர். 2006இல் முந்நூறாண்டு நிறைவு கொண்டாடிய தரங்கம்பாடி லூத்தரன் மிசனின் கல்விப்பணி இதற்குத் தக்க சான்று. இருளிற் கிடந்த தமிழருக்கு ஐரோப்பியப் பாதிரிமார் எழுத்தறிவித்தனர் என்பதே அதுபற்றி வழங்கும் கதை. இதனை நாம் ஏற்பதற்கில்லை.

1706 யூலை 9இல் டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடரிக் அனுப்பிய சீகன்பால்குவும் புளுட்சோவும் தரங்கம்பாடியில் இறங்கியபோது தமிழில் ஓரெழுத்தும் அறியார். அவர்களுக்கு அகரம் கற்பித்தவர் யார்? உள்ளூர்ப் பள்ளியொன்றின் முதிய உபாத்தியாயர். அவர் தம் மாணாக்கரை அவர்கள் இல்லத்துக்கே அழைத்துவந்து பாடம் நடத்தினார். சீகன்பால்கு அச்சிறுவரோடு அமர்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகினார். எனவே, அங்கு முதல் மாணாக்கர் பாதிரியார்; முதல் ஆசான் தமிழர். விழா மேடைகள் நினைவுகூர வேண்டியது அவரையுமன்றோ?

மிசனின் தொண்டை நாம் மறுக்கவில்லை. 1707இலேயே பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்தமையும், 1715இல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு வெளியிட்டமையும் அருஞ்செயல்களே. சிலரது உடைமையாயிருந்த எழுத்து பலரது கைக்கு எட்ட இவை வழிசெய்தன. இதை மறுப்பவர் நன்றி மறந்தவராவர்.

ஆயின், கதையின் மறுபாதி யாது? 1707 மே 12இல் முதன்முதல் திருமுழுக்குப் பெற்ற ஐவரும் டேனியர் வீட்டு அடிமைகள். அடிமைகளிலிருந்து தொடங்கிய திருச்சபை சமத்துவத்தின் கோட்டையாக வளர்ந்திருக்கவேண்டும். வளர்ந்ததோ? ஆலயத்தில் சாதிக்கோர் இடம் வகுக்கப்பட்டது. ஒரே வேதத்தை வாசித்தோர் ஒரே பாயில் அமரவில்லை.

அக்காலம் அத்தகையது எனச் சிலர் சமாதானம் கூறுவர். இது பொருந்தாது. 1833இல் ஆங்கிலிக்கன் பேராயர் தானியேல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை அடியோடு நீங்கவேண்டுமெனப் பணித்தார். அதனை வெறுத்த தஞ்சை உயர்சாதிக் கிறிஸ்தவர் பலர் பின்னர் எங்கே புகலடைந்தனர்? 1840களில் தரங்கம்பாடிப் பணியை ஏற்ற லூத்தரன் லைப்சிக் மிசனிடமே. சாதி சமூக வழக்கம், காலப்போக்கில் தானே தேயும் என்பது அம்மிசனின் வாதம். காலம் தானே எதனையும் தேய்ப்பதில்லை. மனிதர் தேய்த்தாலே தேயும். மேலும், காத்திருக்குமாறு கூறியவர் பாயில் அமர்ந்திருந்தவர். காத்திருந்தவரோ வெறுந்தரையில் இருந்தவர்.

ஆசிரிய நண்பர்களே, மாணவர்களே! அகரத்தைக் கற்பித்துவிட்டு, அதனைக் கற்றவனை வேறிடத்தில் அமர்த்தும் கல்வி அரைக்கல்வியே. எந்தப் பாடசாலையின் வரலாற்றை எழுதப் புகுந்தாலும், கட்டடம் எழுப்பியவர் யார் என்று கேட்பதோடு நில்லாதீர். அதனுள்ளே யார் எங்கே அமர்த்தப்பட்டனர் என்றும் கேளுங்கள். அவ்வினாவுக்கு விடை கூறாத வரலாறு வரலாறன்று, வெறும் வாழ்த்துப்பா.