பட்டியலைக் கிழித்துப் போடுங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. ரிட்டயர்டு வாத்தியாருக்கு வேறென்ன வேலை என்று சிரித்துக்கொண்டே படியுங்கள். ஆனால் வீட்டில் பத்தாவதோ பிளஸ் டூவோ காலேஜோ படிக்கிற பிள்ளை இருந்தால் கடைசி வரை படியுங்கள்.

வேப்பம்பட்டில் காலை ரயிலுக்கு நிற்கிற பிள்ளைகள் கையில் ஒரு ஜெராக்ஸ் கட்டைப் பார்க்கிறேன். ஆங்கில 'பிரேசல் வெர்ப்' பட்டியல். இடது பக்கம் ஆங்கிலம், வலது பக்கம் அர்த்தம். திருநின்றவூர், நெமிலிச்சேரி, பட்டாபிராம் தாண்டி ஆவடி வரும்வரை உதடு முணுமுணுத்துக்கொண்டே இருக்கிறது. 'லுக் ஆஃப்டர்' என்றால் கவனித்துக்கொள், 'லுக் ஃபார்' என்றால் தேடு, 'லுக் இன்டு' என்றால் விசாரி, 'லுக் டவுன் ஆன்' என்றால் இளக்காரமாக நினை.

இது படிப்பே இல்லை என்கிறேன். கெடுதல் என்றும் சொல்கிறேன்.

இப்படி ஒப்பிக்கிற பிள்ளையின் மனசில் பதிவது என்ன? 'இந்த பாஷைக்கு ஒரு நியாயமும் கிடையாது, பின்னால் ஒரு சின்னச் சொல் மாறினால் அர்த்தமே மாறிவிடும், எல்லாவற்றையும் உருப்போட்டால்தான் தப்பிக்கலாம்' என்கிற பயம். பயந்தவன் வாய் திறக்க மாட்டான். ஆங்கிலத்தில் 80, 90 என்று மார்க் வாங்கிவிட்டு, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் இன்டர்வியூவில் ஊமையாக உட்கார்ந்துவிட்டு வந்து என்னிடம் அழுத பிள்ளைகள் உண்டு. அவர்களுக்கு அறிவில் குறையில்லை. நாம் கொடுத்த பயம்தான் வாயைக் கட்டியது.

இப்போது நம் பக்கம் வாருங்கள். 'பார்' என்று ஒரு சொல் இருக்கிறது. வேலை பார்க்கிறோம். மாப்பிள்ளை பார்க்கிறோம். டாக்டர் வைத்தியம் பார்க்கிறார். அம்மா நாள் பார்க்கிறாள். எழுதிப் பார்க்கிறோம், சாப்பிட்டுப் பார்க்கிறோம், கோபம் வந்தால் ஒரு கை பார்த்துவிடுகிறோம். இதில் எத்தனை இடத்தில் கண்ணுக்கு வேலை இருக்கிறது? ஆனால் எந்தக் குழந்தைக்காவது 'பார்' பட்டியல் கொடுத்தோமா? மூணு வயசில், 'பாத்து, பாத்துப் போ' என்றால் அது நிதானமாக நடக்கிறது. அந்தப் 'பாத்து'வைத்தான் ஆங்கிலேயன் 'லுக் அவுட்' என்கிறான்.

மற்றதையும் வரிசையாக வையுங்கள். லுக் ஆஃப்டர் - பார்த்துக்கொள். லுக் ஃபார் - தேடிப் பார். லுக் இன்டு - விசாரித்துப் பார். அகராதியில் ஒரு சொல்லை லுக் அப் - புரட்டிப் பார். லுக் ஃபார்வர்ட் டு - எதிர்பார். 'ஃபார்வர்ட்' முன்பக்கம், 'எதிர்'ரும் முன்பக்கம்! லுக் மட்டும் இப்படி என்று நினைக்காதீர்கள். 'புட் ஆஃப்' என்பது நம்முடைய 'தள்ளிப் போடு'. 'ஆஃப்' தள்ளி, 'புட்' போடு. நண்பனைக் காட்டிக் கொடுப்பதை அவர்கள் 'கிவ் அவே' என்பார்கள். அங்கேயும் கொடு, இங்கேயும் கொடு. 'டியர்' என்றால் கிழி, 'டியர் அப்' என்றால் கிழித்துப் போடு. 'ஈட் அப்' என்றால் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிடு. நாம் 'போடு', 'விடு' சேர்த்து வேலையை முடிக்கிற இடத்தில் அவர்கள் 'அப்' சேர்த்து முடிக்கிறார்கள்.

நம் இலக்கணத்தில் இதற்குப் பெயர் துணைவினை. ஒன்பதாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்திலேயே பாடமாக இருக்கிறது. ஒரே பள்ளிக்கூடத்தில், ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் தமிழாசிரியர் 'எழுதிப் பார், எழுதிவிடு, எழுதிக்கொள்' என்று நடத்துகிறார். இந்தப் பக்கம் ஆங்கில ஆசிரியர் லுக் பட்டியலைக் கரும்பலகையில் எழுதிப் போடுகிறார். இரண்டும் ஒரே சங்கதி என்று பிள்ளைக்குச் சொல்ல நடுவில் ஆளில்லை. என் சண்டை இதற்காகத்தான்.

'சார், தமிழில் யோசிக்கவே கூடாது, ஆங்கிலத்திலேயே யோசிக்க வேண்டும்' என்று ஸ்போக்கன் இங்கிலீஷ் நடத்துகிறவர்கள் சண்டைக்கு வருவார்கள். பணம் கட்டிப் போனாலும் அவர்கள் கையில் கொடுப்பது அதே பட்டியல்தானே! பதினைந்து வருஷம் தமிழில் ஓடிய மூளையை வாசலில் செருப்போடு கழற்றிவிட்டு உள்ளே வரச் சொல்வது என்ன நியாயம்?

பட்டியல் சொல்லித் தராத ஒன்றைச் சொல்கிறேன், கேளுங்கள். 'லுக் இட் அப்' சரி, 'லுக் அப் இட்' தப்பு. ஆனால் 'லுக் ஆஃப்டர் இட்' சரி, 'லுக் இட் ஆஃப்டர்' தப்பு. ஏன்? 'ஆஃப்டர்' நம் வேற்றுமை உருபு மாதிரி. பெயரோடு சேர்ந்தது. உருபு நமக்குப் பெயருக்குப் பின்னால் வரும், அவர்களுக்கு முன்னால் வரும், அவ்வளவுதான். அதைப் பெயரை விட்டுப் பிரித்து அந்தப் பக்கம் தூக்கிப் போட முடியாது. 'அப்' அப்படியில்லை. அது துணைவினை மாதிரி வினையின் ஆள். நடுவில் 'இட்'டுக்கு இடம் விட்டு நகர்ந்துகொள்ளும்.

இன்னொன்று. வேலைக்கு விண்ணப்பம் எழுதுகிறவர்கள் கடைசி வரியில் 'லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட் யூ' என்று எழுதுகிறார்கள். 'மீட்டிங் யூ' என்பதுதான் சரி. தமிழைக் கேளுங்கள், அதுவே சொல்லும். 'உங்களைச் சந்திப்பதை எதிர்பார்க்கிறேன்' என்போமா, 'சந்திக்க எதிர்பார்க்கிறேன்' என்போமா? சந்திப்பது என்று பெயராக்கித்தானே சொல்கிறோம்! அங்கேயும் அந்த 'டு'வுக்குப் பின்னால் பெயர்தான் வேண்டும். இதை ஒரு தடவை புரிந்துகொண்ட பிள்ளை ஆயுசுக்கும் மறக்காது.

எல்லா இடத்திலும் தமிழ் கைகொடுக்கும் என்று நான் சொல்லவில்லை. வழுக்கவும் செய்யும். 'பற்றிப் பேசு' என்கிற பழக்கத்தில் 'டிஸ்கஸ் அபவுட்' வந்துவிடும், அங்கே 'அபவுட்' தேவையில்லை. 'அவரோடு கல்யாணம்' என்கிற நினைப்பில் 'மேரீட் வித்' வரும், அது 'மேரீட் டு'. ஆவடியில் 'கெட் டவுன்' என்கிறோம். நமக்கு இறங்குவது என்றால் மேலிருந்து கீழே. ஆங்கிலேயனுக்கு வண்டியிலிருந்து விலகுவது, அதனால் 'கெட் ஆஃப்'. இந்தியா முழுக்க 'கெட் டவுன்' புரியும். அதைச் சொன்ன பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கிறவர்களை நான் மன்னிக்க மாட்டேன். வழுக்குகிற இடத்தையும் தமிழை வைத்துத்தானே காட்ட முடிகிறது!

இது நம் பிள்ளைகளுக்கு மட்டும் வந்த கஷ்டமும் இல்லை. 1755இல் அகராதி போட்ட சாமுவேல் ஜான்சனே, வெளிநாட்டாருக்கு மிகவும் சிரமம் தருவது இப்படி வினையோடு ஒட்டுகிற சின்னச் சொற்கள்தான் என்று முன்னுரையில் எழுதினார். 1930இல் சி.கே. ஆக்டன் உலகத்துக்கே எளிய ஆங்கிலம் தருகிறேன் என்று 850 சொற்களில் 'பேசிக் இங்கிலீஷ்' கொண்டுவந்தார். அதில் வினைகள் 18தான். மற்ற வினைகளின் வேலையை புட், கிவ், டேக், கெட் இவற்றோடு சின்னச் சொற்களைச் சேர்த்தே முடித்துக்கொள்ளச் சொன்னார். சொற்கள் குறைந்தன, கஷ்டம் குறையவில்லை. 'புட் அப் வித்' என்றால் பொறுத்துப் போ என்பதை 'புட்'டும் 'அப்'பும் தெரிந்துவிட்டதால் மட்டும் கண்டுபிடித்துவிட முடியுமா? சொல் சிறியது, வேலை பெரியது. அதைச் சொல்லித்தான் புரிய வைக்க வேண்டும்.

'பரீட்சையில் கேட்கிறார்களே சார்' என்பீர்கள். கேட்கிறார்கள். அடிக்கோடிட்ட சொல்லுக்கு ஈடான பிரேசல் வெர்ப் எது என்று ஒரு மார்க். அந்த ஒரு மார்க்குக்காக ஆயுசு முழுக்க வாய் திறக்காத பிள்ளையை வளர்க்காதீர்கள். புரிந்து படித்தால் அந்த மார்க் தானாக வரும்.

என் மாணவர்களில் ஆசிரியர் ஆனவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பக்கத்து வகுப்புத் தமிழாசிரியரைக் கூப்பிட்டு, வாரத்தில் ஒரு பீரியடாவது இரண்டு பேரும் சேர்ந்து நில்லுங்கள். கரும்பலகையில் 'லுக்' ஒரு பக்கம், 'பார்' ஒரு பக்கம். மீதியைப் பிள்ளைகளே நிரப்பட்டும்.

பெற்றோர்களுக்கு: இன்று ராத்திரி சாப்பிடும்போது 'போடு' என்ற சொல்லை எத்தனை விதமாகச் சொல்லலாம் என்று பிள்ளையைக் கேளுங்கள். தோசை போடுவதில் ஆரம்பித்துச் சண்டை போடுவது வரை வரும். பிறகு 'புட்' பக்கம் கூட்டிக்கொண்டு போங்கள். அப்போது அந்த ஜெராக்ஸ் கட்டைப் பிள்ளையே தூக்கிப் போடும்.