இறுக்கினால் பாதுகாப்பா? பழைய டைட்டானியம் சைக்கிளும் கார்பன் பாகங்களும்

1/
ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கேசுவால்டி டூட்டி. இருபதுகளில் இருக்கும் தம்பி ஒருவரை நண்பர்கள் ஆட்டோவில் கொண்டு வந்தார்கள். மேல் உதடு கிழிந்திருந்தது. முன்பல் இரண்டு இல்லை. வலது காறை எலும்பு முறிந்திருந்தது.

"எந்த வண்டி இடிச்சுது தம்பி?"

"யாரும் இடிக்கல சார். சைக்கிள் ஹேண்டில்பார் உடைஞ்சு கையோட வந்துடுச்சு."

கார்பன் ஹேண்டில்பார். முந்தின வாரம் வீட்டிலேயே மாட்டியிருக்கிறார். "எப்படி இறுக்குனீங்க?" என்று கேட்டேன். "நல்லா டைட்டா தான் சார் வச்சேன்" என்றார்.

அந்த "நல்லா டைட்டா" பற்றித்தான் இந்த நீண்ட பதிவு. (அடையாளம் தெரியாமல் இருக்க சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

2/
முதலில் என் கதை. நான் ஒரு எம்பிபிஎஸ் மருத்துவன், மெக்கானிக் கிடையாது. வெளிநாட்டில் இருந்து திரும்பிய சீனியர் அண்ணன் ஒருவர், தொண்ணூறுகளில் வாங்கிய டைட்டானியம் ரோடு பைக் ஃபிரேமை "வீட்ல சும்மா கிடக்கு, எடுத்துட்டுப் போடா" என்று கொடுத்தார். நைட் டூட்டி முடிந்த நாட்களில் மொட்டை மாடியில் உட்கார்ந்து அதற்கு கார்பன் ஃபோர்க், கார்பன் சீட் போஸ்ட் மாட்டினேன். ஆகவே "வீட்டில் செய்யாதீர்கள்" என்று உபதேசம் பண்ண வரவில்லை. செய்யுங்கள். ஆனால் எதைச் செய்யலாம், எதைத் தொடவே கூடாது என்று தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

3/
டைட்டானியம் எங்களுக்குப் பழகிய உலோகம். எலும்பு முறிவுக்கு வைக்கும் பிளேட், ராடு, பல் இம்பிளாண்ட் எல்லாவற்றிலும் இருக்கிறது. ஸ்வீடனின் பிரேனமார்க் என்ற ஆய்வாளர் 1950களில் முயலின் எலும்புக்குள் வைத்த டைட்டானியக் கருவியைத் திரும்ப எடுக்க முடியாமல் திணறினார். எலும்பு அதோடு ஒட்டி வளர்ந்திருந்தது. இன்றைய பல் இம்பிளாண்ட் அங்கிருந்து வந்தது.

இரும்பின் எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் தான். மேலே தானாக உருவாகும் ஆக்சைடு படலம் காரணமாக வியர்வை, கடல் காற்று எதுவும் அதை அரிக்காது. முப்பது வருட ஃபிரேம் இன்னும் முப்பது வருடம் ஓடலாம். அதைத் தூக்கிப் போடாமல் புதுப்பிப்பது நல்ல விஷயம்.

4/
சிக்கல் ஃபிரேமில் இல்லை. அதில் சொருகியிருக்கும் மற்ற பொருட்களில் இருக்கிறது.

என் ஃபிரேமில் பழைய அலுமினிய சீட் போஸ்ட் ஒன்று இருந்தது. இரண்டு வேறு உலோகங்கள், நடுவில் உப்பு வியர்வை. பேட்டரி மாதிரி வேலை நடந்து அலுமினியம் அரித்து வீங்கி உள்ளேயே இறுகிவிட்டது. எண்ணெய் ஊற்றி, நாள் கணக்கில் ஊறவைத்து, திருகித் திருகி எடுக்க மூன்று வாரம் ஆனது.

இதற்குச் சிலர் சொல்லும் குறுக்கு வழி காஸ்டிக் சோடா கரைசல். அலுமினியத்தைக் கரைக்கும், டைட்டானியத்தை விட்டுவிடும். உண்மைதான். ஆனால் அது உங்கள் கண்ணை விட்டுவிடாது. காரம் ஆசிட்டை விட ஆழமாகக் கண்ணுக்குள் இறங்கும். இந்த வேலை வீட்டில் வேண்டாம். தவறிப் பட்டுவிட்டால் ஒரு நொடி யோசிக்காமல் குழாயடியில் கண்ணைத் திறந்து வைத்து அரை மணி நேரம் கழுவுங்கள். பிறகு நேராக மருத்துவமனை. எலுமிச்சை, வினிகர் எதுவும் ஊற்றக் கூடாது.

5/
நல்ல செய்தி: கார்பனும் டைட்டானியமும் ஒன்றோடு ஒன்று சண்டை போடாது. கார்பனோடு சேர்ந்தால் அரித்துப்போவது அலுமினியம் தான். ஆகவே டைட்டானியம் ஃபிரேமுக்குள் கார்பன் சீட் போஸ்ட் என்பது நல்ல ஜோடி. வீட்டில் முதல் முறை செய்பவர் இதில் தொடங்கலாம். மூன்று விஷயம் போதும்: விட்டம் சரியாக இருக்க வேண்டும் (பழைய ஃபிரேம்களில் பெரும்பாலும் 27.2 மில்லிமீட்டர், இருந்தாலும் அளந்து பாருங்கள்). போஸ்டில் போட்டிருக்கும் குறைந்தபட்சக் கோடு ஃபிரேமுக்குள் போய்விட வேண்டும். கிரீஸ் கூடாது, கார்பனுக்கென்று விற்கும் நறநறப்பான பேஸ்ட் தடவ வேண்டும். அந்த நறநறப்பு பிடியைக் கூட்டும், அதனால் குறைவாக இறுக்கினாலே நிற்கும்.

6/
இப்போது "நல்லா டைட்டா"வுக்கு வருவோம்.

கார்பன் சீட் போஸ்ட், ஹேண்டில்பார் கவ்வும் போல்ட்டுகளில் பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர் என்ற அளவில் எழுதியிருக்கும். அப்படின்னா என்ன? 10 சென்டிமீட்டர் நீள ஆலன் கீயின் நுனியில் 5 கிலோ எடையைத் தொங்கவிட்டால் வரும் முறுக்கு. அவ்வளவு தான்!

நம் கை சாதாரணமாக 15, 20 கிலோ அழுத்தும். அதாவது சொன்னதை விட மூன்று நான்கு மடங்கு. இரும்பு அதைப் பொறுத்துக்கொள்ளும். கார்பன் பொறுக்காது. உள்ளே இழைகள் நசுங்கும், வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும்.

முருங்கை மரம் ஏறியவர்களுக்குத் தெரியும். மூங்கில் வளைந்து காட்டிக் கொடுக்கும். முருங்கைக் கிளை பார்க்கத் தடிமனாக இருக்கும், ஏறினால் படக்கென்று முறியும். நல்ல கார்பன் முருங்கை அல்ல, விமானத்தையே அதில் செய்கிறார்கள். ஆனால் நசுங்கிய கார்பன் முருங்கை தான்.

அந்தத் தம்பியின் ஹேண்டில்பார் முறிந்தது ஸ்டெம் கவ்வும் விளிம்பில், கத்தியால் வெட்டியது போல.

7/
இதே தவறை நான் வார்டில் வருடக்கணக்காகப் பார்க்கிறேன். கை முறிந்த குழந்தைக்கு ஊரில் மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டியிருப்பார்கள். "இறுக்கமா இருந்தா தானே சார் எலும்பு சேரும்?" என்பார் அப்பா. அவிழ்த்துப் பார்த்தால் விரல்கள் கறுத்திருக்கும், ரத்த ஓட்டம் நின்றிருக்கும். எங்கள் மாவுக்கட்டே ஆனாலும் அளவுக்கு மேல் இறுகினால் அதே கதி தான்.

அக்கறையில் தான் இறுக்குகிறோம். ஆனால் இறுக்கம் வேறு, பாதுகாப்பு வேறு. அளவு தான் பாதுகாப்பு.

8/
ஆகவே என் கருத்து: கார்பன் பாகம் வாங்கும் முன் டார்க் ரென்ச் வாங்குங்கள். நான் வாங்கியது 2,400 ரூபாய். "ஒரு போல்ட்டு திருக இவ்வளவா?" என்று வீட்டில் திட்டு விழுந்தது. ஒரு முன்பல் கட்டும் செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள் என்றேன், அமைதியாகிவிட்டார்கள்.

9/
இரண்டாவது கருத்து: பயன்படுத்திய கார்பன் ஃபோர்க், ஹேண்டில்பார் வாங்காதீர்கள். சீட் போஸ்ட் உடைந்தால் பின்னால் விழுவீர்கள், சில சமயம் சமாளிக்கலாம். முன்பக்கம் உடைந்தால் முகம் தான் முதலில் தரையைத் தொடும், கையை ஊன்றக்கூட நேரம் இருக்காது.

இதில் நானும் யோக்கியன் இல்லை. மலிவாகக் கிடைத்ததே என்று ஒரு பழைய ஃபோர்க்கை வாங்கிவிட்டேன். பார்க்கப் புதுசு போலவே இருந்தது. நாணயத்தால் தட்டிக்கொண்டே வந்தேன். டக் டக் என்று வந்த சத்தம் ஓரிடத்தில் மட்டும் மொத்தென்று மாறியது. அறுத்துப் பார்த்தால் உள்ளே விரிசல். தட்டிப் பார்ப்பதும் முழு உத்தரவாதம் இல்லை, சத்தம் நன்றாக இருந்தும் சேதம் இருக்கலாம். அதனால் புதிது மட்டுமே.

10/
ஃபோர்க் மாற்றுபவர்கள் கவனத்துக்கு: பழைய ஃபிரேம்களில் தண்டின் விட்டம் பெரும்பாலும் 1 அங்குலம். இன்று கடையில் கிடைப்பவை 1 1/8 அங்குலமும் அதற்கு மேலும். பொருந்தாததைத் தேய்த்துப் பொருத்தாதீர்கள், தேடி வாங்குங்கள்.

தண்டை அறுக்கும்போது ஈரத் துணி சுற்றி, நுண்பல் ரம்பத்தால், திறந்த வெளியில், என்95 மாஸ்க், கண்ணாடி, கையுறை போட்டு அறுங்கள். கார்பன் இழையின் தடிமன் முடியில் பத்தில் ஒரு பங்கு. தூசி கண்ணிலும் தோலிலும் குத்தும், மூச்சுக்கும் நல்லதல்ல.

11/
செய்யவே கூடாதவை இரண்டு. ஃபோர்க்கிலோ ஹேண்டில்பாரிலோ விரிசல் விட்டால் கார்பன் துணியும் எபாக்ஸியும் வைத்து வீட்டில் ஒட்டாதீர்கள். டைட்டானியம் ஃபிரேமைத் தெருமுனைப் பட்டறையில் வெல்டிங் வைக்காதீர்கள். சூட்டில் அது காற்றின் ஆக்சிஜனை உறிஞ்சி நொறுங்கும் தன்மைக்கு மாறிவிடும். வெல்டிங் இடத்தின் முன்னும் பின்னும் ஆர்கான் வாயு சூழ, அது தெரிந்தவர் மட்டுமே செய்ய வேண்டிய வேலை.

12/
இத்தனைக்கும் எவ்வளவு எடை குறைந்தது என்று கேட்பீர்கள். பழைய இரும்பு ஃபோர்க் 740 கிராம், புதியது 410. லாபம் 330 கிராம். என் தொப்பையில் அதற்கு மேல் இருக்கிறது. ஆனால் சீனியர் அண்ணன் ஓட்டிய ஃபிரேம் மறுபடி ரோட்டில் ஓடுகிறது, அந்த சந்தோஷத்துக்கு எடை கிடையாது.

13/
அந்தத் தம்பி தையல் பிரிக்க வந்தபோது, "சார், இனிமே சைக்கிள் வேண்டாம்னு அம்மா சொல்றாங்க" என்றார். அம்மாவிடம் பேசினேன். "சைக்கிள் ஓட்டட்டும்மா. ஓட்டுறது உடம்புக்கு நல்லது தான். இறுக்குறதை மட்டும் அளந்து இறுக்கச் சொல்லுங்க" என்றேன்.

உங்கள் வீட்டிலும் கார்பன் பாகம் மாட்டிய சைக்கிள் இருந்தால், இந்த ஞாயிறு ஓட்டும் முன் ஒவ்வொரு போல்ட்டையும் அளவு பார்த்துச் சரி செய்யுங்கள். ஏற்கெனவே கண்டபடி இறுக்கியிருந்தால் போல்ட்டைத் தளர்த்துவது மட்டும் போதாது, பாகத்தைக் கழற்றி நல்ல கடையில் காட்டுங்கள். சந்தேகம் இருந்தால் மாற்றிவிடுங்கள்.

சைக்கிள் ஓட்டும் யாருக்காவது பயன்படும் என்று தோன்றினால் பகிருங்கள்.