விஷத்துக்கும் கணக்கு வேண்டும்!

கள்ளக்குறிச்சி நகரில் கருணாபுரம். 2024ஆம் ஆண்டு ஜூன் 18ந் தேதி.

கூலி வேலைக்குப் போய்விட்டு வந்தவர்கள் பாக்கெட் சாராயம் வாங்கிக் குடித்தார்கள். பிறகு வயிற்று வலி. வாந்தி. பலருக்குக் கண் மங்கியது. உறவினர்கள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம், புதுச்சேரி ஆஸ்பத்திரிகளில் சேர்த்தார்கள். அப்படியும் 65 பேருக்கு மேல் மாண்டார்கள். தாய், தந்தை இருவரையும் பறிகொடுத்த பிள்ளைகளும் உண்டு.

கல்வராயன் மலையில் ஊறல் போடுவதும், போலீசார் போய்க் கொட்டி அழிப்பதும் பழைய கதை. ஆனால் கருணாபுரத்தில் உயிரைக் குடித்தது மலை ஊறல் அல்ல. மெத்தனால் என்னும் ரசாயனம்!

தண்ணீர் போல் இருக்கும்!

மெத்தனால் தண்ணீர் போல் தெளிவாக இருக்கும். வாடையும் சாராயம் போலவே இருக்கும். குடித்த உடனே ஒன்றும் தெரியாது. பல மணி நேரம் கழித்துத்தான் வேலையைக் காட்டும். ஈரலில் அது ஃபார்மிக் அமிலமாக மாறுகிறது. எறும்பு கடித்தால் எரிகிறதே, அந்த அமிலம்தான். அது ரத்தத்தில் பெருகினால் கண் நரம்பு கெடும், உயிரும் போகும்.

இத்தனை பொல்லாத மெத்தனாலுக்கு நல்ல வேலையும் உண்டு. பெயிண்ட், பசை, மருந்து செய்யும் ஆலைகளுக்கு அது தேவை. கல்லூரி ஆராய்ச்சிக்கூடத்திலும் அது இருக்கிறது. மூலிகை இலையின் சத்தைப் பிரித்தெடுக்க மாணவர்கள் அதைத்தான் ஊற்றுகிறார்கள்.

2023ஆம் ஆண்டு மே மாதம் மரக்காணம் பக்கத்திலும் செங்கற்பட்டு மாவட்டத்திலும் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அங்கேயும் மெத்தனால்தான். தொழிலுக்குப் போக வேண்டிய சரக்கு சாராயத்துக்குப் போய்விட்டது. எங்கோ ஓர் இடத்தில் பீப்பாய் கணக்கை விட்டு வெளியேறியது. அங்கே யாராவது கணக்குப் பார்த்திருந்தால் இத்தனை உயிர் போயிருக்காது.

மறந்துபோன கருவி

அது ஆலைச் சரக்கு. படித்தவர்கள் இருக்கும் கல்லூரியில் இப்படி நடக்குமா என்று கேட்கலாம். நடந்திருக்கிறது!

டெல்லி பல்கலைக்கழகம் தன் ரசாயனத் துறைக்கு ஒரு கருவி வாங்கியது. அதற்குள்ளே கோபால்ட்-60 என்ற கதிர்வீச்சுப் பொருள் இருந்தது. 1985க்குப் பிறகு அதை யாரும் பயன்படுத்தவில்லை. அது ஒரு மூலையில் கிடந்தது. உள்ளே இருப்பது என்ன என்பதே மறந்துபோயிற்று. 2010 பிப்ரவரியில் பழைய இரும்பு என்று ஏலம் போட்டுவிட்டார்கள்!

ஏலத்தில் போன கருவி மாயாபுரி பழைய இரும்புக் கடைக்குப் போனது. அங்கே பிரித்தார்கள். கதிர் பட்டுப் பலர் படுத்த படுக்கையானார்கள். ஒரு தொழிலாளி இறந்தார். அவர் கல்லூரி வாசலை மிதித்தவர் அல்ல. கல்லூரியின் மறதிக்கு உயிரைக் கொடுத்தார்.

கணக்கு இருந்தால் என்ன பயன் என்பதற்குச் சென்னையே சாட்சி. 2020 ஆகஸ்டு 4ந் தேதி பெய்ரூட் துறைமுகத்தில் 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் வெடித்தது. 200 பேருக்கு மேல் இறந்தார்கள். பல ஆண்டுகள் கிடங்கில் கிடந்த சரக்கு அது. செய்தி வந்ததும் சென்னையில் கணக்குப் பார்த்தார்கள். 2015ல் பிடிபட்ட சுமார் 700 டன் அதே சரக்கு மணலியில் இருந்தது! சில நாட்களில் அதை ஐதராபாத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

சுப்ரீம் கோர்ட்டு உத்தரவு

ஆசிட் வீச்சு வழக்கில் 2013 ஜூலை 18ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு ஓர் உத்தரவு போட்டது. அதில் கல்லூரிகளுக்கும் ஆராய்ச்சிக்கூடங்களுக்கும் மூன்று கட்டளைகள். எவ்வளவு ஆசிட் செலவானது என்று புத்தகத்தில் எழுதி, கோட்ட மாஜிஸ்திரேட்டிடம் கொடுக்க வேண்டும். ஆசிட்டுக்கு ஒருவரைப் பொறுப்பாளி ஆக்க வேண்டும். ஆராய்ச்சிக்கூடத்தை விட்டு வெளியே போகிறவர்களைச் சோதிக்க வேண்டும்.

ஆசிட்டுக்குச் சொன்னது மற்ற விஷங்களுக்கும் பொருந்தும். செய்வது கஷ்டம் அல்ல. புட்டி வந்த அன்றே பெயர், அளவு, தேதி எழுதி ஒட்ட வேண்டும். எடுப்பவர் எவ்வளவு எடுத்தார் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மாதம் ஒருமுறை புத்தகத்தையும் அலமாரியையும் ஒத்துப் பார்க்க வேண்டும். தேவைக்கு மேல் வாங்கக் கூடாது.

அடுக்குவதிலும் அறிவு வேண்டும். அகர வரிசையில் அடுக்கினால் ஆகாத இரண்டு பக்கத்தில் பக்கத்தில் வந்துவிடும். சயனைடு மேல் ஆசிட் கொட்டினால் உயிரைக் கொல்லும் வாயு கிளம்பும்! திறந்து வைத்த ஈதர் நாளானால் வெடிக்கும் பொருளாக மாறும். பிக்ரிக் அமிலம் காய்ந்துவிட்டால், மூடியைத் திருகினாலே வெடிக்கலாம். ஆகவே பழைய புட்டியைத் தொடத் தெரிந்தவர்தான் தொட வேண்டும். கழிவைத் தொட்டியில் ஊற்றுவது குற்றம். அபாயக் கழிவை முறைப்படி அழிக்கக் கும்மிடிப்பூண்டியில் நிலையம் இருக்கிறது.

சாவி யார் கையில்?

இன்று கல்வராயன் மலைக் கிராமங்களில் இருந்தும் பிள்ளைகள் கீழே இறங்கிக் கல்லூரிக்கு வருகிறார்கள். பல வீடுகளில் அந்தப் பிள்ளைதான் முதல் பட்டதாரி. வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு நிற்கும் மகளைப் பார்த்துத் தாய் பூரிக்கிறாள். அந்தத் தாய்க்கு ரசாயனம் தெரியாது. ஆனால் வீட்டில் பூச்சி மருந்து டப்பாவைப் பிள்ளைக்கு எட்டாமல் வைக்கத் தெரியும். எவ்வளவு மீதி இருக்கிறது என்றும் தெரியும்.

அந்தக் கவனம் கல்லூரிக்கும் வேண்டும். அலமாரியில் என்ன இருக்கிறது? எவ்வளவு இருக்கிறது? சாவி யாரிடம்? பெற்றோர் இந்த மூன்று கேள்விகளைக் கூச்சப்படாமல் கேட்க வேண்டும். உடனே பதில் சொல்லும் கல்லூரியே நல்ல கல்லூரி.

கருணாபுரத்தில் போன உயிர்கள் திரும்பி வரப்போவது இல்லை. கணக்கில் வராத விஷம் யார் வீட்டுக்குப் போகும் என்று முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது. போவதற்கு முன் எண்ணி வைக்க எல்லோராலும் முடியும்!