70 கிலோ ஆண்

எடை இறங்காமல் நின்றுவிட்டால் முதல் சந்தேகம் பெண்ணின் வாய்மீதுதான். "ராத்திரி என்ன சாப்பிட்டீங்க மேடம்?" என்று என்னையும் விசாரித்தார் ஜிம் பயிற்சியாளர். கைப்பட்டை காட்டிய 400 கலோரியை மட்டும் அவர் விசாரிக்கவில்லை. உடலுழைப்பை அளக்கும் 'மெட்' அலகே, 70 கிலோ எடையும் 40 வயதும் உள்ள ஓர் ஆணின் ஓய்வுநிலையை வைத்து வந்தது. 2017இல் ஸ்டான்போர்டு ஆய்வாளர்கள் ஏழு கைப்பட்டைகளைச் சோதித்தார்கள். கலோரிக் கணக்கில் இருப்பதிலேயே நல்லதுகூடச் சராசரியாக 27 சதவீதம் பிசகியது. 60 கிலோ பெண் ஒரு மணிநேரம் நடந்தால், சும்மா உட்கார்ந்திருந்தாலும் செலவாகும் 60ஐக் கழித்தபின் மிஞ்சுவது 150 கலோரி அளவுதான். மூன்று இட்லி, சட்னி சேர்க்காமல். எடை குறையக் குறைய அதே நடைக்கு அதுவும் குறையும். இளைத்த உடம்புக்குச் செலவு குறைவு, தராசு நின்றுவிடுகிறது. இன்றைய எடைக்குக் கணக்கைத் திருத்திப் போடாமல், என் ஒழுக்கத்தைத் திருத்த ஏன் வருகிறீர்கள்?